திருடிய சான்றும் தீராத சந்தேகமும்

2024 அக்டோபர் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு சிவில் சீராய்வு மனுவில் தீர்ப்புச் சொன்னார். பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் விவாகரத்துக் கேட்டிருந்த கணவர், மனைவி எந்தெந்த எண்ணுக்கு எப்போது, எவ்வளவு நேரம் பேசினார் என்ற அழைப்பு விவரப் பட்டியலைச் சான்றாக வைத்திருந்தார். மனைவிக்குத் தெரியாமல் எடுத்த பட்டியல் அது. அதைச் சேர்க்கக் கூடாது என்று மனைவி போட்ட மனுவைச் சார்பு நீதிமன்றம் தள்ளுபடி செய்ததால் விவகாரம் மதுரைக்கு வந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றால் அது கணவன் மனைவிக்கு இடையிலும் உண்டு, அதை மீறிப் பெற்ற சான்றை நீதிமன்றம் ஏற்காது என்பதுதான் தீர்ப்பின் சாரம். 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் நாட்டுக்குச் சொன்னதை, இந்தத் தீர்ப்பு வீட்டு நிலைப்படி தாண்டி உள்ளே கொண்டுபோனது.

திருச்சி மாவட்டம் அந்தக் கிளையின் எல்லைக்குள் இருக்கிறது. கன்டோன்மென்ட் பகுதியில் இருக்கும் நீதிமன்ற வளாகத்தில் யாராவது ஸ்கிரீன்ஷாட் கட்டோடு விவாகரத்து மனு போட்டால், எதிர்த் தரப்பு வழக்கறிஞர் எடுத்து நீட்டுவதற்கு இப்படி ஒரு தீர்ப்பு கிடைத்தது. அது எட்டரை மாதம்தான் அசையாமல் நின்றது. 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு, பஞ்சாபின் பட்டிண்டாவில் தொடங்கிய ஒரு வழக்கில், முதல் பார்வைக்கு நேர் எதிராகத் தெரியும் முடிவுக்கு வந்தது. கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்து விவாகரத்து வழக்கில் சான்றாக வைக்கலாம். ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்றால் அதுவே அந்த மணவாழ்க்கை முறிந்ததற்கு அடையாளம். வேவு பார்த்ததால் முறிந்தது என்று சொல்ல முடியாது.

நாளிதழ்கள் இதை ஒரே வரியில் முடித்தன: மனைவியின் பேச்சைப் பதிவு செய்யலாம். அந்த ஒரு வரி எத்தனை வீடுகளில் அனுமதிச் சீட்டாகப் படிக்கப்பட்டிருக்கும் என்று நினைத்தால் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கிறது. சான்றாக ஏற்பது வேறு, எடுத்த செயலைக் குற்றமில்லை என்று சொல்வது வேறு. இந்த இரண்டையும் கலந்துவிட்டதால்தான் இன்று குழப்பம். இன்னொரு கலப்படமும் நடந்திருக்கிறது. தான் கலந்துகொண்ட பேச்சைத் தானே பதிவு செய்வது, இன்னொருவருடைய போனையோ கணினியையோ திறந்து அவர் வேறு ஆட்களோடு பேசியதைப் படிப்பது, தொலைபேசி நிறுவனத்திடமோ ஓட்டலிடமோ இருக்கும் விவரத்தைக் குறுக்கு வழியில் வாங்குவது ஆகிய மூன்றும் வேறு வேறு செயல்கள். பட்டிண்டா வழக்கு முதல் வகை: 2010லும் 2016லும் கணவர் தம் மனைவியோடு தாமே பேசியவற்றின் பதிவுகள். பரமக்குடி வழக்கு மூன்றாவது வகை. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி, ஒன்று மற்றதை அடித்துவிட்டது என்று சொல்வது அவசரம்.

சட்டத்துக்குள் போகும் முன் வீட்டுக்குள் போக வேண்டும். சந்தேகம் பெரும்பாலும் பெரிய கண்டுபிடிப்பில் பிறப்பதில்லை. "போன் ஏன் வெயிட்டிங்ல வந்துச்சு?" என்பதில் பிறக்கிறது. ராத்திரி ஒன்றரை மணிக்குக் காட்டிய 'லாஸ்ட் சீன்', திடீரென்று மாறிய பேட்டர்ன் லாக், கவிழ்த்து வைக்கும் போன். இருபது ஆண்டுகளுக்கு முன் தில்லைநகரிலோ கே.கே. நகரிலோ ஒரு வீட்டில் கணினி இருந்தால் அது ஹாலில் இருந்தது, எல்லாருக்கும் ஒரே கணக்கு. யாஹூ மெசஞ்சரை மூடாமல் எழுந்து போனவர் மாட்டிக்கொண்டார். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், தட்டும் எழுத்தையெல்லாம் சேமித்து வைக்கும் கீலாகர் மென்பொருளை ஏற்றினார்கள். அப்போதெல்லாம் வேவு பார்க்க ஓரளவு கணினி அறிவு தேவைப்பட்டது.

இப்போது அதுவும் வேண்டாம். உறங்குகிறவரின் விரலை போன் மேல் வைத்தால் திறந்துகொள்கிறது. வாட்ஸ்அப்பை இன்னொரு சாதனத்தில் இணைக்க ஒரு நிமிடம் கூட ஆகாது. அதன் பிறகு எல்லாச் செய்தியும் இரண்டு இடத்தில் விழும். கூகுள் கணக்கின் கடவுச்சொல் தெரிந்தால் போன் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும், எடுத்த படங்களும் தெரியும். நம் ஊரில் இதற்கு இன்னொரு வசதியும் உண்டு. போன் வாங்கிக் கொடுக்கிற கணவரே ஜிமெயில் கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லையும் வைத்து, மீட்பு எண்ணாகத் தன் எண்ணைக் கொடுத்துவிடுவார். சிம் கார்டு அவர் பெயரில். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, தாமே பயன்படுத்தும் கைப்பேசி உள்ள பெண்கள் நாட்டில் 54 விழுக்காடு என்றது. அந்த 54இலும் சிம் யார் பெயரில், கடவுச்சொல் யார் தலையில் என்பது தனிக் கதை. அப்படிப்பட்ட வீட்டில் 'உளவுச் செயலி' என்ற ஒன்று தேவையே இல்லை, போனே உளவாளி.

பெண்கள் சும்மா இருக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். கார் சமயபுரம் சுங்கச்சாவடியைக் கடந்தால் ஃபாஸ்டேக் கணக்கிலிருந்து பணம் பிடித்த குறுஞ்செய்தி வரும். "ஆபீஸ்ல மீட்டிங்" என்று சொல்லிவிட்டுப் போனவரின் கதை அந்த ஒரு செய்தியில் கலையும். ஜிபே பட்டியல், ரயில் முன்பதிவு வரலாறு, உணவு வரவழைத்த முகவரி எல்லாம் மனைவிமார் சத்தமில்லாமல் படிக்கும் பக்கங்கள். இதைக் கண்காணிப்பு என்று அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குடும்பக் கணக்குப் பார்ப்பதாகத்தான் சொல்வார்கள்.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு வகை உண்டு. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் நேரே விமானம் போகிறது. அந்த விமானங்களில் ஏறுகிறவர்களில் பலர் லால்குடி, துறையூர், மணப்பாறை, பெரம்பலூர், புதுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பத்தினர். கணவர் அங்கே, மனைவி இங்கே. திருட்டுப் பயத்துக்கு என்று ஹாலில் மாட்டிய கேமராவை அவர் அங்கிருந்தே செயலியில் பார்ப்பார். வீடியோ காலில் "சுத்திக் காட்டு" என்பார். அது பாசமா, பாராவா என்பதை அந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. ஸ்ரீரங்கத்து உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் திண்ணை இருந்த காலத்தில் யார் வீட்டுக்கு யார் வந்தார் என்பது தெருவுக்கே தெரியும். அந்தத் தெருப் பார்வை இதைவிட நல்லதாக இருந்தது என்று நான் வாதாடப்போவதில்லை. ஆனால் தெரு சொன்னதை மறுத்துப் பேச ஆள் இருந்தது. பதிவு செய்த படத்தோடு யார் வழக்காடுவது?

செயலிகளுக்கும் வருவோம். குழந்தைகளைக் காக்க, ஊழியர்களைக் கவனிக்க என்று சொல்லி விற்கப்படும் எம்ஸ்பை, ஃபிளெக்ஸிஸ்பை போன்றவை அழைப்பு, செய்தி, இருப்பிடம், ஒலி என்று அத்தனையையும் இன்னொருவருக்கு அனுப்பும். காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2023ஆம் ஆண்டில் தன் வாடிக்கையாளர்களிடையே மட்டும் உலகெங்கும் சுமார் 31,000 பேரின் போன்களில் இவ்வகைச் செயலிகளைக் கண்டது. ரஷ்யா, பிரேசிலுக்கு அடுத்தபடி இந்தியா, 2,492 பேர். ஒரே நிறுவனத்தின் கணக்கு என்பதால் இதை நாட்டுக் கணக்காக எடுக்கக் கூடாது. ஆனால் மூன்றாம் இடம் என்பது சும்மா வந்ததல்ல. வாங்குகிறவர்கள் அறியாத ஒன்று உண்டு: இந்தச் செயலிகளில் சேரும் தகவல் போய்த் தங்குவது ஏதோ ஒரு நாட்டின் சர்வரில். எம்ஸ்பையின் தகவல்கள் ஒரு முறைக்கு மேல் வெளியே கசிந்திருக்கின்றன. ஃபிளெக்ஸிஸ்பை 2017இல் ஹேக்கர்களிடம் சிக்கியது. மனைவியின் ரகசியத்தைத் தெரிந்துகொள்ளக் காசு கட்டியவர், அவளோடு தன் குடும்பத்தையும் ஊருக்கு முன் திறந்துவைத்தார்.

அமெரிக்கா இந்த வியாபாரத்தைக் கொஞ்சம் தாமதமாகவேனும் பிடித்தது. ஸ்டெல்த்ஜீனி என்ற செயலியை விற்றவர் 2014இல் கைதாகிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஐந்து லட்சம் டாலர் அபராதம் கட்டினார். 2021இல் ஸ்பைஃபோன் நிறுவனத்தை அந்நாட்டு வணிக ஆணையம் இந்தத் தொழிலிலிருந்தே விலக்கியது. இந்தியாவில் அப்படி ஒரு நடவடிக்கையை நான் கேள்விப்பட்டதில்லை.

இத்தனை வேவுக்குப் பிறகும் கையில் மிஞ்சுவது என்ன? அழைப்பு விவரப் பட்டியலில் எண், நேரம், பேசிய விநாடிகள், அருகிலிருந்த செல்போன் கோபுரம் இவைதான் இருக்கும். பேசிய சொல் ஒன்றும் இருக்காது. நாற்பது நிமிடம் பேசினார் என்பது நாற்பது நிமிடம் பேசினார் என்பதற்கு மட்டுமே சான்று. கோபுர விவரமும் அப்படித்தான். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவு. அம்மா மண்டபம் படித்துறையில் நிற்பவரின் போன் அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டாலும் வியப்பில்லை. ஒரு கோபுரத்தின் வீச்சுக்குள் கோவிலும் உண்டு, கடைத்தெருவும் உண்டு, லாட்ஜும் உண்டு. எந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தார் என்று கோபுரம் சொல்லாது. செய்தி பரிமாற்றங்கள் இன்னும் மோசம்; நண்பர்களிடம் போடும் இதயப் படத்தை வக்கீல் நோட்டீசில் அச்சடித்தால் அது வேறு பொருள் கொள்கிறது. கோவலன் மாதவியைப் பிரிந்தது ஒரு பாட்டுக்குத் தானே ஒரு பொருள் கற்பித்துக்கொண்டதால்தான். இன்று அந்த வேலையை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கும் பாட்டு செய்கிறது.

சான்றின் போதாமையைப் பற்றிப் பேசும்போது ஸ்ரீரங்கத்துக்காரர்கள் ஒன்றை நினைக்காமல் இருக்க மாட்டார்கள். பங்குனித் திருவிழாவில் நம்பெருமாள் உறையூருக்குப் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டு திரும்புகிறார். உத்திரத்தன்று தாயார் சன்னதி வாசலில் கதவு சாத்தப்படுகிறது, மட்டையடி விழுகிறது. பிரணய கலகம் என்ற அந்த உற்சவத்தில் ரங்கநாயகித் தாயார் சார்பில் கேட்கப்படும் கேள்விகள் ஒரு நல்ல குறுக்கு விசாரணைக்குச் சமம். மேனியில் தெரியும் அடையாளங்களை ஒவ்வொன்றாய்ச் சுட்டிக் கேட்கிறார்கள், பெருமாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்கிறார். தொலைந்த கணையாழியைத் தேடப் போனேன் என்கிறார். நம்பிக்கை வராதபோது சத்தியம் செய்ய முன்வருகிறார்: கடலில் மூழ்குகிறேன், பாம்புக் குடத்தில் கைவிடுகிறேன். தாயார் தரப்பின் பதில் கூர்மையானது. கடலில் பள்ளிகொண்டிருப்பவருக்குக் கடல் ஒரு சோதனையா, பாம்பணையில் படுப்பவருக்குப் பாம்பு ஒரு சோதனையா? தனக்குச் சாதகமான சான்றை மட்டும் ஒருவர் தேர்ந்தெடுத்து நீட்டினால் அது சான்றாகாது என்பதை இதைவிட அழகாக எந்தச் சட்டக் கல்லூரியும் சொல்லித்தராது. கடைசியில் கதவைத் திறக்க வைப்பது சான்று அல்ல. நம்மாழ்வார் வந்து சமாதானம் பேசுகிறார், சேர்த்தி நடக்கிறது. உறையூருக்குப் போனாரா இல்லையா என்ற கேள்வி தீர்ப்பில்லாமலே முடிகிறது.

மனிதர்களுக்கு நம்மாழ்வார் கிடைப்பதில்லை. 1984ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டம் ஒன்பதாவது பிரிவில் சமரச முயற்சியை நீதிமன்றத்தின் கடமையாக்கியிருக்கிறது, ஆலோசகர்களும் இருக்கிறார்கள். ஆனால் பென் டிரைவோடு வருகிறவர் சமரசத்துக்கு வருவதில்லை. அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் பேசாமல் இந்த விஷயத்தை அலசினால் பாதிதான் அலசியதாகும்.

2018 செப்டம்பர் 27 வரை பிறன்மனை நாடுவது கிரிமினல் குற்றம். ஜோசப் ஷைன் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை ரத்து செய்தது. அதற்குப் பிறகும் அது விவாகரத்துக்குக் காரணம். இந்துத் திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், 1976 திருத்தத்துக்குப் பின், ஒரே ஒரு நிகழ்வு கூடப் போதும். ஜெயில் போய்விட்டது, பணம் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125(4), இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144(4), பிறனோடு வாழ்ந்துவரும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்கிறது. வாழ்ந்துவருவது என்றால் தொடர்ந்த உறவு. ஒரு சறுக்கல் அதற்குள் வராது என்று நீதிமன்றங்கள் பலமுறை விளக்கியிருக்கின்றன. ஆனாலும் மாதாமாதம் கட்ட வேண்டிய தொகையை நிறுத்த ஒரு ஆடியோ உதவுமானால் அதை எடுத்து வைக்கும் ஆசை யாருக்கும் வரும். 2023இல் சத்தீஸ்கர் உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு அதுதான்: ஜீவனாம்ச வழக்கில் மனைவியின் பேச்சுப் பதிவைப் பயன்படுத்தக் கணவர் கேட்டார், உயர் நீதிமன்றம் மறுத்தது. கணவனின் போனை நோண்டும் மனைவிக்கும் கணக்கு உண்டு, அவள் தேடுவதில் பாதி பெண்ணின் பெயர், பாதி சம்பளத்தின் உண்மையான அளவு.

இனி நீதிமன்றங்கள் வந்த வழி. இந்தியாவில் பழைய விதி எளிது: பொருத்தமான சான்று எப்படிக் கிடைத்தது என்று நீதிமன்றம் கேட்காது. 1972இல் ஆர்.எம். மால்கானி வழக்கில் ஒலிநாடாவையும் அடுத்த ஆண்டு பூரன் மல் வழக்கில் சோதனையில் சிக்கிய ஆவணங்களையும் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் ஏற்றது. இரண்டிலும் ஒரு பக்கம் அரசு. கணவன் மனைவி வழக்குக்கு அந்த விதி பொருந்துமா என்று முதலில் தயங்கிய தீர்ப்புகளில் ஒன்று ஆந்திர உயர் நீதிமன்றத்தினுடையது. அமெரிக்காவில் மனைவி தன் பெற்றோரிடமும் தோழிகளிடமும் பேசியதைக் கணவர் ஹார்டு டிஸ்க்கில் பதிந்து வைத்திருந்தார்; அது அந்தரங்கத்தை மீறிய செயல், சான்றாகாது என்றது அந்த நீதிமன்றம். கவனிக்க வேண்டும், அது இரண்டாவது வகை. அவர் பங்கெடுக்காத பேச்சு. 2020இல் டெல்லி உயர் நீதிமன்றம் எதிர்த்திசையில் போனது. மனைவி தோழியோடு பேசியதை வீட்டுக் கேமரா பதிந்திருந்தது. குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சாட்சியச் சட்டத்தின் கட்டுகளைத் தளர்த்தியிருப்பதால் அந்தப் பதிவை ஏற்கலாம் என்றார் நீதிபதி அனூப் ஜெயராம் பம்பானி. ஆனால் சட்டத்தை மீறிப் பதிந்தவர் அதற்கான வழக்கைச் சந்திக்க நேரிடலாம் என்ற எச்சரிக்கையையும் கூடவே வைத்தார். 2021இல் பஞ்சாப் அரியானா உயர் நீதிமன்றம் பட்டிண்டா வழக்கில் ஆந்திர வழியைப் பிடித்தது. அதைத்தான் 2025இல் உச்ச நீதிமன்றம் மாற்றியது.

உச்ச நீதிமன்றம் பிடித்துக்கொண்ட கொம்பு சாட்சியச் சட்டத்தின் 122ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 128. மணவாழ்க்கையில் பரிமாறிய பேச்சை வெளியிட வற்புறுத்தக் கூடாது என்று பாதுகாக்கும் அந்தப் பிரிவு, இருவருக்கும் இடையிலான வழக்குக்கு விலக்குத் தருகிறது. நியாயமான வாதம், படுக்கையறைக் கொடுமையை அந்த அறையில் இருந்தவர் சொல்லாமல் யார் சொல்வது? அடிபட்ட பெண் எடுத்த ஆடியோவும் இதே விலக்கில்தான் நீதிமன்றம் ஏறுகிறது, அதை மறந்துவிட்டுத் தீர்ப்பைத் திட்டக் கூடாது. என் குறை வேறு. அந்த விலக்கு கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் சொன்னதற்கு. மனைவி தோழியிடம் சொன்னதற்கும், தொலைபேசி நிறுவனத்தின் பதிவேட்டுக்கும் அது எப்படி நீளும்? தீர்ப்பின் பரந்த சொற்களைப் பிடித்துக்கொண்டு கீழ் நீதிமன்றங்கள் எல்லாவற்றையும் உள்ளே விடும் அபாயம் உண்டு. அதே 2025 ஜூலையில் சத்தீஸ்கர் உயர் நீதிமன்றம், மனைவியின் கைப்பேசிக் கடவுச்சொல்லைக் கேட்டுக் கணவன் வற்புறுத்த முடியாது என்று சொன்னது கொஞ்சம் ஆறுதல்.

வெளிநாட்டு நீதிமன்றங்கள் வகை பிரிக்கும் வேலையை முன்பே தொடங்கிவிட்டன. 2001இல் நியூ ஜெர்சியில், எல்லாரும் புழங்கும் அறையிலிருந்த குடும்பக் கணினியில் தங்கிவிட்ட மின்னஞ்சலை மனைவி எடுத்ததைக் குற்றமில்லை என்றது நீதிமன்றம். 2005இல் ஃபுளோரிடாவில், கணவர் இணையத்தில் டாமினோ ஆடிக்கொண்டே ஒரு பெண்ணோடு அரட்டையடித்ததை மனைவி ஸ்பெக்டர் என்ற மென்பொருளால் அவ்வப்போதே பிடித்தார்; அது இடைமறிப்பு, சான்றாகாது என்று நீதிமன்றம் தள்ளியது. தங்கிக் கிடந்ததைப் படிப்பதற்கும் போகும் வழியில் பிடிப்பதற்கும் கோடு போட்டார்கள். 2016இல் இன்னொரு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், அரட்டையின் மறுமுனையில் இருந்த ஆண் உளவு மென்பொருள் நிறுவனத்தின் மேலேயே வழக்குப் போடலாம் என்றது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் மட்டும் 2021இல் ஒரு போர்ச்சுகல் வழக்கில், மனைவி டேட்டிங் தளத்தில் அனுப்பிய செய்திகளைக் கணவர் வழக்கில் வைத்ததை உரிமை மீறலாகக் கருதவில்லை. உலகம் முழுக்க ஒரே குரல் இல்லை.

நம் சட்டத்தில் குற்றப் பக்கம் எப்படி இருக்கிறது? பார்த்தால் நிறைய இருக்கிறது, நடைமுறையில் கொஞ்சம்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகளின்படி உரியவர் அனுமதியின்றிக் கணினிக்குள் நேர்மையற்ற எண்ணத்தோடு நுழைந்தால் மூன்றாண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். போனும் சட்டத்தின் பார்வையில் கணினிதான். ஆனால் அனுமதி தர வேண்டியவர் உரிமையாளர் அல்லது பொறுப்பில் வைத்திருப்பவர். கணவர் காசில் வாங்கி மனைவி கையில் இருக்கும் போனுக்கு அது யார்? பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு, பெண்ணின் இணைய, மின்னஞ்சல், மின்னணுத் தொடர்பைக் கண்காணிக்கும் ஆணைப் பின்தொடரும் குற்றத்தில் சேர்க்கிறது; முதல் முறைக்கே மூன்றாண்டு வரை. கணவனுக்கு விலக்கு என்று அந்தப் பிரிவில் எழுதியில்லை. இருந்தும் கணவன் மேல் இந்தப் பிரிவில் புகார் கொடுக்கலாம் என்பதே பல பெண்களுக்குத் தெரியாது. தெரிந்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனால் "புருஷன் பொண்டாட்டி போனைப் பார்க்கிறதெல்லாம் கேஸா" என்ற கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும். வேவு பார்ப்பவள் மனைவியாக இருந்தால் இந்தப் பிரிவு பொருந்தவே பொருந்தாது, ஆணுக்கு மட்டும் எழுதிய பிரிவு. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ தனிப்பட்ட, வீட்டு உபயோகத்துக்கு ஒருவர் கையாளும் தகவல் தன் வரம்பில் வராது என்று தொடக்கத்திலேயே கை கழுவிவிட்டது.

துப்பறியும் நிறுவனங்களின் நிலை இதைவிட வெட்டவெளி. கல்யாணத்துக்கு முன், கல்யாணத்துக்குப் பின் என்று இரண்டு கட்டணப் பட்டியல் வைத்து நடக்கும் தொழிலுக்கு உரிமமே கிடையாது; 2007இல் மாநிலங்களவைக்கு வந்த மசோதா சட்டமாகாமலே போனது. அழைப்பு விவரங்களை விற்றதாக 2018இல் மகாராஷ்டிரத்தின் தானே நகரக் காவல்துறை பல துப்பறிவாளர்களைக் கைது செய்தபோதுதான், அந்தப் பட்டியல்கள் எந்த வழியாக மனுக்களில் ஏறுகின்றன என்பது பலருக்குப் புரிந்தது.

நேர்வழி இல்லாமல் இல்லை. சந்தேகத்துக்கு முகாந்திரம் காட்டினால் நீதிமன்றமே நிறுவனத்திடமிருந்து ஆவணத்தை வரவழைக்கலாம். 2025இல் டெல்லி உயர் நீதிமன்றம், கணவரோடு தொடர்புள்ளதாகச் சொல்லப்பட்ட பெண்ணின் அழைப்பு விவரத்தையும் சேர்த்து வரவழைக்கும் உத்தரவை அனுமதித்தது. கர்நாடகத்தில் 2022இல் நீதிபதி எம். நாகபிரசன்னா, வழக்கில் தரப்பாகவே இல்லாத ஓர் ஆணின் கோபுர விவரத்தைக் கேட்க முடியாது என்றார். இதில் எனக்குக் கர்நாடகப் பக்கம்தான் சாய்வு. மூன்றாம் மனிதருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. அவர் பேச வாய்ப்பில்லாத வழக்கில் அவர் நடமாட்டம் அலசப்படுவது நியாயமாகப் படவில்லை. ஆனால் எந்தப் பக்கம் போனாலும், நீதிபதி பார்த்து, அளவு நிர்ணயித்து, மூடிய அறையில் படிக்கும் வழி அது. குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் மூடிய அறை விசாரணைக்கு இடமுண்டு. திருடிக் கொண்டுவருவதற்கும் கேட்டு வாங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை நீதிமன்றம் மதிக்காவிட்டால் யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள்.

மெய்த்தன்மை என்ற இன்னொரு தொல்லை இருக்கிறது. சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழில் ஒரு பகுதியைத் தாக்கல் செய்பவரும் மறு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டைத் தயாரிப்பதும், பேச்சின் நடுவே நாலு வாக்கியத்தை வெட்டுவதும், குரலையே போலியாக உருவாக்குவதும் போனிலேயே நடக்கும் காலத்தில் இது சம்பிரதாயம் அல்ல. ஆனால் நிபுணர் எங்கே? சுவாமிநாதன் தீர்ப்பின் பலரும் கவனிக்காத பகுதி இதுதான்: தமிழ்நாட்டுக்குப் போதிய மின்னணுச் சான்று நிபுணர்களை மூன்று மாதத்துக்குள் அறிவிக்கும்படி ஒன்றிய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு அவர் உத்தரவிட்டார். அந்தரங்கம் பற்றிய பகுதி இன்று ஆட்டம் கண்டாலும் இந்தப் பகுதிக்குத் தேவை கூடியிருக்கிறது.

வேவு பார்க்கப்படுவதாகச் சந்தேகிப்பவர்களுக்கு நடைமுறையாக ஒன்று. வாட்ஸ்அப்பில் இணைந்த சாதனங்களின் பட்டியலைப் பார்க்கலாம், கூகுள் கணக்கில் எந்தெந்தச் சாதனம் உள்ளே இருக்கிறது என்று பார்க்கலாம், மீட்பு எண்ணை மாற்றலாம். ஆனால் வீட்டில் அடி விழும் ஆபத்து இருந்தால் இவற்றைத் தொடும் முன் 181 மகளிர் உதவி எண்ணில் பேசுங்கள். இணைப்பு அறுந்ததும் மறுபக்கத்துக்குத் தெரிந்துவிடும். புகார் கொடுக்க நினைத்தால் செயலியை அழிக்கும் முன் வேறொரு போனால் படம் எடுத்து வைத்துக்கொண்டு 1930 எண்ணில் பேசுங்கள், அல்லது சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

செய்ய வேண்டிய ஒன்று உயர் நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. குடும்பநல வழக்கில் மின்னணுச் சான்று தாக்கல் செய்கிறவர், அது எந்தச் சாதனத்திலிருந்து, யாரால், யார் அனுமதியோடு, எந்த நாளில் எடுக்கப்பட்டது என்று பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி வேண்டும். பொய் சொன்னால் பொய்ச் சாட்சியம், உண்மை சொன்னால் குற்றம் நடந்ததா என்பது அதிலேயே தெரியும். சான்றை ஏற்பதா என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு இது மோதாது. குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இப்படி விதி செய்யும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. திருச்சி வழக்கறிஞர்கள் அதைக் கேட்டுச் சென்னைக்கு ஒரு மனு அனுப்பலாம்.